காய்ச்சல் விட்டதும் ஓடச் சொல்லாதீர்கள்

குறுவட்டப் போட்டிகள் நெருங்கும் நாட்களில் பெற்றோர் பலர் என்னிடம் கேட்பது இதுதான்: "காய்ச்சல் விட்டுடுச்சு சார், நாளைக்கே பையனை கிரவுண்டுக்கு அனுப்பட்டுமா?" உடற்கல்வி ஆசிரியராக என் பதில்: வேண்டாம். உடம்பு நன்றாகத் தேறட்டும்.

நான் அஞ்சுவது இதயத்தசை அழற்சிக்கு. சளிக்காய்ச்சல் தரும் வைரஸே சிலருக்கு இதயத்தசையையும் தாக்கிவிடுகிறது. அதை எதிர்க்கக் கிளம்பும் நோய் எதிர்ப்பு அணுக்களும் அதே தசையைப் புண்ணாக்குகின்றன. காக்ஸாக்கி, இன்ஃப்ளூயன்ஸா, கொரோனா வைரஸ்கள் இப்படிச் செய்யக்கூடியவை. டெங்கு, உண்ணிக் காய்ச்சல், தொண்டை அடைப்பான் ஆகியவற்றாலும் வரலாம். லூபஸ் போன்ற நோய்களும் சில மருந்துகளும்கூடக் காரணமாகலாம். அந்த நிலையில் கடுமையாக ஓடினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். இளம் வீரர்கள் களத்தில் திடீரென இறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் பள்ளியில் 800 மீட்டர் ஓடும் பிளஸ் ஒன் மாணவன் ஒருவன், காய்ச்சல் விட்ட பிறகும் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கினான். நெஞ்சுவலியை வாயு என்று சொல்லி வீட்டில் ஓமத்தண்ணீர் கொடுத்திருந்தார்கள். மருத்துவமனையில் ஈசிஜி, எக்கோ, டிரோபோனின் ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து அழற்சிதான் என்றார்கள். ஆறு மாதம் ஓடவே கூடாது என்று உத்தரவு. அதுவரை மற்றவர்களின் ஓட்டத்துக்கு அவன்தான் ஸ்டாப்வாட்ச் பிடித்தான். குணமாகி, மருத்துவர் சம்மதித்த பிறகே மீண்டும் ஓடினான்.

பேயர்ன் மியூனிக் கால்பந்து வீரர் அல்ஃபோன்சோ டேவிஸுக்கு 2022 ஜனவரியில், கொரோனா வந்துபோன பிறகு செய்த பரிசோதனையில் லேசான இதயத்தசை அழற்சி தெரியவந்தது. அவ்வளவு பெரிய அணியே அவரை ஆட்டத்திலிருந்து விலக்கி வைத்தது. ஏப்ரலில்தான் அவர் களம் திரும்பினார். நம் பிள்ளைகளுக்குப் பின்னால் மருத்துவர் குழு இல்லை, நாம்தான் இருக்கிறோம்.

ஆகவே பள்ளிக் கல்வித் துறைக்கு என் கோரிக்கை: போட்டி நுழைவுப் படிவத்தில், அண்மையில் காய்ச்சல் வந்ததா, அதன்பின் நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, படபடப்பு, மயக்கம் இருந்ததா என்ற கேள்வியைச் சேருங்கள். இருந்தது என்றால் மருத்துவர் பார்த்து, ஈசிஜி எடுத்த பிறகே களத்தில் இறக்க வேண்டும். சக ஆசிரியர்களே, படிவம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலைப் பயிற்சியிலேயே இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.