உப்பளத்தில் வெயிலும் மழையும்: கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தூத்துக்குடி.

அனுப்புநர்: உப்பளத் தொழிலாளர் சங்கம்.

பொருள்: பருவநிலை மாற்றத்தால் உப்பளத் தொழிலாளர் படும் பாடு, உடனடி நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

வெயில் இல்லாவிட்டால் உப்பு இல்லை. ஆகவே உப்பளத்துக்காரர்கள் வெயிலைப் பற்றி மனுக் கொடுப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். விடியுமுன் பாத்தியில் இறங்கி, பொழுது ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரையேற்றுவது அவர்கள் வழக்கம். இப்போது காலை ஒன்பது மணிக்கே உடம்பு தாங்குவதில்லை. வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைப் பறிக்கிறது. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கழிப்பறை இல்லாத அளங்களில், பெண்கள் தாகத்தை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்காமலே சுமை தூக்குகிறார்கள்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளிடம் ஆய்வு செய்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை பார்ப்போருக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகிய அபாயங்கள் இருமடங்கு என்று அந்த ஆய்வு காட்டியது. ஆய்வில் உப்பளப் பெண்களும் உண்டு.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறப்போரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் கிடைக்கும். சங்கம் இதை வரவேற்கிறது. ஆனால் ஆள் போன பிறகு வரும் பணம் அது. ஆள் போகாமலிருக்க ஆகும் செலவோ மிகக் குறைவு. ஒவ்வோர் அளத்திலும் கீற்றுக் கொட்டகை (தகரம் வேண்டாம், அது அடுப்பாகிவிடும்), குடிநீர், பெண்களுக்குக் கழிப்பறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி ஆகியவற்றை உரிமையாளர்கள் செய்து தர ஆணையிட வேண்டும். வெப்ப அலை எச்சரிக்கை நாட்களில் நண்பகல் வேலையை நிறுத்தி, அந்த நேரத்துக்கும் கூலி தர வேண்டும். கூலி இல்லாத ஓய்வை எவரும் எடுக்க மாட்டார்கள்.

அடுத்தது மழை. உப்புநீரின் அடர்த்தி (போமே அளவில்) ஏறத்தாழ 25 டிகிரிக்கு ஏறினால்தான் பாத்தியில் உப்பு இறங்கும். பருவம் தப்பிய ஒரே மழை அதைக் கரைத்து, வேலையை முதலிலிருந்து தொடங்க வைத்துவிடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, அம்பாரமாய்க் குவித்திருந்த உப்பும் கரைந்து போனது. அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் மழைக்கால மாதங்களுக்கானது. கோடையில் மழை பெய்து வேலை போனால் எதுவும் இல்லை. மழையால் வேலை இழக்கும் நாட்களைக் கணக்கிட்டு, எந்த மாதமானாலும் நிவாரணம் வழங்க வேண்டும்.

இந்தப் பருவநிலை மாற்றத்துக்கு உப்பளத் தொழிலாளர் சேர்த்த புகை அற்பம். தூத்துக்குடியின் அனல்மின் நிலையங்களோடு ஒப்பிடவே முடியாது. ஆயினும் தங்கள் பங்கைச் சங்கம் தட்டிக்கழிக்கவில்லை. நீர் இறைக்கும் டீசல் மோட்டார்களுக்குப் பதில் சூரிய மின்மோட்டார் வைக்கச் சிறு உற்பத்தியாளர்களுக்கு மானியம் தந்தால், அவற்றை இயக்கவும் பராமரிக்கவும் ஆட்களைப் பழக்கித் தரச் சங்கம் பொறுப்பேற்கிறது.

தை பிறந்தால் பாத்தி சீர்செய்யும் வேலை தொடங்கிவிடும். அதற்கு முன் உரிமையாளர்கள், தொழிலாளர் துறை, சங்கம் அடங்கிய முத்தரப்புக் கூட்டத்தைக் கூட்ட வேண்டும். அளங்களைப் பார்வையிட வரும் அதிகாரிகள் பகல் பன்னிரண்டு மணிக்கு வருமாறும் சங்கம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது.