தருமனின் நாயும் திருச்சி விமான நிலையமும்

வளர்ப்புப் பிராணியை வானவூர்தியில் ஏற்றலாமா என்ற வழக்கு முதலில் எழுந்தது மகாபாரதத்தில் என்றே சொல்லவேண்டும். மகாப்பிரஸ்தானிக பருவத்தில் இந்திரன் தேருடன் வந்து நிற்கிறான். தருமன் ஏறலாம்; வழியெல்லாம் கூடவே வந்த நாய் ஏறக்கூடாது. நாயுடன் வருவோர்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை என்பது விதி. தன்னை அண்டி வந்ததைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் வேண்டாம் என்று தருமன் நின்றுவிடுகிறான். வில்லிபுத்தூரார் போரோடு கதையை நிறுத்திவிட்டபடியால், அவரை மட்டும் கற்றவர்க்கு இக்கட்டம் கிடைக்காது. கும்பகோணத்திலிருந்து ம. வீ. இராமானுஜாசாரியார் கொண்டுவந்த உரைநடைப் பதிப்பிலோ, இராஜாஜியின் ‘வியாசர் விருந்’திலோதான் தேடவேண்டும்.

தருமனுக்கு ஒரு வசதி இருந்தது. அந்த நாய் தர்மதேவதையாக மாறிச் சிக்கலைத் தீர்த்துவிட்டது. திருவரங்கத்து உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் இருக்கும் நாய்கள் அவ்விதம் மாறுவதில்லை.

அவ்வீதிகளை அறிந்தவர்களுக்கு நாம் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. பிள்ளைகள் படித்து நியூஜெர்சிக்கும் சிங்கப்பூருக்கும் மெல்பர்னுக்கும் போய்விட்டார்கள். திண்ணை வீட்டிலோ, அது இடிந்து எழுந்த அடுக்குமாடியிலோ பெற்றோர் இருவர். அவர்களுக்குத் துணையாக ஒரு நாய். பெரும்பாலும் அது விலை கொடுத்து வாங்கிய ஜாதி நாய் அன்று. மழைக்கு ஒதுங்கிய குட்டி ஒன்று தயிர்சாதத்துக்குப் பழகி வீட்டுக்குள் வந்திருக்கும். பின்னர் இருவரில் ஒருவர் காலமாகிறார். பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் மகன் சொல்கிறான்: “அம்மா, இனிமே நீ இங்கே தனியா இருக்கவேண்டாம், எங்களோடு வந்துவிடு.” அம்மாவுக்கு விசா உண்டு, டிக்கெட் உண்டு, மாத்திரைப் பெட்டி உண்டு. நாயைப் பற்றிய பேச்சு கடைசி வாரத்தில்தான் எழுகிறது. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

பலரும் இதைப் பணப்பிரச்சினை என்று எண்ணுகிறார்கள். பணம் வேண்டும்தான். சரக்குப் பகுதியில் செல்லும் பிராணிக்குக் கட்டணத்தைப் பெரும்பாலும் கூண்டின் அளவு தீர்மானிக்கிறது. நாய் அதில் தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், படுக்கவும் முடியவேண்டும் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதி. ஆகவே நாட்டு நாய்க்கும் லாப்ரடாருக்கும் ஒரே கூண்டு, ஏறக்குறைய ஒரே கூலி. ஆனால் உண்மையான தடை நாட்களின் கணக்கு. முதலில் மைக்ரோசிப் பொருத்தவேண்டும். அதன் பிறகே வெறிநாய்க்கடித் தடுப்பூசி. வரிசை மாறினால் போட்ட ஊசி கணக்கில் வராது. ஊசி போட்டு முப்பது நாள் கழித்து இரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் எதிர்ப்புச் சக்தியை அளக்கவேண்டும். மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்கவேண்டும். பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் காத்திருக்கச் சொல்கின்றன. ஆக நான்கு மாதம் ஓடிவிடும். வேலைக்கு அழைக்கும் நிறுவனமோ ஆறு வாரத்தில் வந்து சேரச் சொல்கிறது.

நாட்டுக்கு நாடு விதிகள் வேறு. அமெரிக்கா 2024 ஆகஸ்டு முதல், இந்தியா போன்ற நாடுகளில் தடுப்பூசி பெற்ற நாய் ஆறு மாத வயதைக் கடந்திருக்கவேண்டும், குறிப்பிட்ட ஆறு விமான நிலையங்களில் ஒன்றின் வழியாகவே நுழையவேண்டும் என்கிறது. இரத்தச் சோதனைச் சான்று இல்லையேல் 28 நாள் தனிமைக் காவல். ஆஸ்திரேலியாவுக்கு இங்கிருந்து நாய் நேராகப் போகவே முடியாது. அனுமதி பெற்ற மூன்றாம் நாடு ஒன்றில் தங்கி, அங்கிருந்து ஏறி, மெல்பர்ன் அருகே மிக்கிள்ஹாமில் குறைந்தது பத்து நாள் காவலில் இருக்கவேண்டும். ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பின் இரண்டு நாய்கள் 2015-இல் தனி விமானத்தில் அறிவிக்கப்படாமல் அங்கே இறங்கியபோது, திருப்பி அனுப்பாவிட்டால் கொல்லப்படும் என்று ஓர் அமைச்சரே எச்சரித்தார். திருச்சிக்காரர்களுக்கு அடுத்த வீடு போன்ற சிங்கப்பூரிலோ, நாய் போய்ச் சேர்ந்த பின்னும் பிரச்சினை தீராது. வீடமைப்பு வாரியக் குடியிருப்புகளில் பட்டியலிட்ட சிறிய ஜாதி நாய் ஒன்றையே வைத்திருக்கலாம். நம் நாட்டு நாய்க்கு அப்பட்டியலில் இடமில்லை. பூனைகளுக்கே 2024 செப்டம்பரில்தான் அங்கு உரிமத்தோடு அனுமதி கிடைத்தது.

இவ்விதிகளைக் கண்டு சினம் கொள்வது எளிது. எமக்கு அவற்றில் தவறு தெரியவில்லை. சிங்கப்பூர் 1953-லிருந்து வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடு. பிரிட்டன் அதற்கும் முன்னரே, 1922-இல், அந்நோயை ஒழித்தது. நம் நாட்டில் அந்நோயால் ஆண்டுக்கு 18,000 முதல் 20,000 பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலம் மதிப்பிட்டுவந்தது. அண்மையில் வெளியான ஓர் இந்திய ஆய்வு ஏறத்தாழ 5,700 என்கிறது. எண் குறைந்தது நல்லதே. ஆயினும் முழுதாகத் தடுக்கக்கூடிய நோய்க்கு ஐயாயிரம் உயிர் என்பது வெட்கக்கேடு. அதுவும் 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கி, நூறாண்டுக்கும் மேலாகத் தடுப்பு மருந்தை அறிந்த தமிழ்நாட்டில்.

ஆகவே மேலைச் சித்திரை வீதியின் வீட்டு நாய் சந்தேகத்துக்கு உள்ளாவது அதன் குற்றத்தாலன்று. வாசலில் படுத்திருக்கும் தெரு நாய்க்கு ஊசி போடப்படவில்லை என்பதே காரணம். வீட்டு நாயின் பயணச்சீட்டு தெரு நாயின் உடம்பில் எழுதப்பட்டிருக்கிறது. நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் நோய் பரவல் அறுந்துபோகும் என்பது நிறுவப்பட்ட உண்மை. கோவா அதைச் செய்தது. 2021-இல் வெறிநோய் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2030-க்குள் நாய்வழி வெறிநோயை ஒழிக்க மத்திய அரசும் திட்டம் வகுத்துள்ளது. திருச்சி மாநகராட்சி நாய்களுக்குக் கருத்தடை மையங்கள் நடத்துகிறது. அப்பணி ஊர் முழுதும் எட்டவேண்டும் என்று குரல் கொடுக்கவேண்டியவர்களில், வெளிநாடு போகும் குடும்பங்களே முதல் வரிசையில் நிற்கவேண்டும். ஆனால் அவர்கள் தெரு நாயை விரட்டச் சொல்லும் மனுவில் கையெழுத்திட்டுவிட்டு, தம் நாய்க்கு ஏஜெண்டைத் தேடுகிறார்கள்.

நம் விமான நிலையத்தைப் பற்றியும் ஒரு சொல். கோபுரமும் கோலமுமாக வண்ணம் தீட்டிய புதிய முனையம் 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா நகரங்கள் என்று நேர்விமானங்கள் பறக்கின்றன. ஆனால் ஒரு பூனைக்கு ஏற்றுமதிச் சான்று வாங்க இங்கு வழியில்லை. மத்திய அரசின் பிராணித் தனிமைக் காவல் நிலையம் சென்னையில்தான் இருக்கிறது. புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்னர் பிராணியை அங்கே கொண்டுபோய் அதிகாரி முன் நிறுத்தவேண்டும். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் போகலாம். ரயில் என்றால், முதல் வகுப்பு ஏ.சி.யில் ஓர் அறையை முழுதாகப் பதிவு செய்யவேண்டும். இல்லையேல் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸின் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டுதான் கதி. வெளியிலிருந்து வரும் பிராணிகளுக்கும் திருச்சி வாசல் மூடியே இருக்கிறது. கொச்சி 2024-இல் அந்த அனுமதியைப் பெற்றுவிட்டது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

விதி வளையவே வளையாது என்றும் சொல்வதற்கில்லை. 2022-இல் உக்ரைனிலிருந்து நம் மாணவர்கள் தப்பி வந்தபோது, நாயையும் பூனையையும் விட்டு வர மறுத்தவர்கள் இருந்தார்கள். சைபீரியன் ஹஸ்கி குட்டியைச் சுமந்து எல்லை கடந்த கேரள மாணவியின் படம் நாடெங்கும் பரவியது. மத்திய அரசு ஒருமுறைச் சலுகையாக இறக்குமதி விதியைத் தளர்த்தியது. குண்டு விழும் ஊரில் அந்தப் பிள்ளைகள் செய்ததை, குண்டு விழாத ஊரில் நாம் செய்வதில்லை.

எல்லா நாயையும் விமானத்தில் ஏற்றியே தீரவேண்டும் என்பதன்று நம் வாதம். பன்னிரண்டு வயதாகி மூட்டு பிடித்த நாயைப் பத்துப் பதினைந்து மணி நேரம் இருட்டுக் கூண்டில் அனுப்புவது அன்பு ஆகாது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களை மூச்சுத் திணறலுக்கு அஞ்சிப் பல நிறுவனங்கள் ஏற்பதேயில்லை. மயக்க மருந்து கொடுத்து அனுப்பலாமே என்போர் உண்டு. கால்நடை மருத்துவர்கள் பொதுவாக வேண்டாம் என்பார்கள். அத்தகைய நாயை, அது ஏற்கெனவே அறிந்த அண்டை வீட்டாரிடமோ உறவினரிடமோ மாதக்கணக்கில் பழக்கி, செலவுக்கும் வழி செய்து ஒப்படைப்பதே முறை. அதற்கும் அதே நான்கு மாதம் தேவைப்படும்.

நடப்பது வேறு. சாவியை வாங்கிய தரகர் பூட்டிவிட்டுப் போகிறார். நாய் வாசலில் கிடக்கிறது. கொள்ளிடக் கரையில் காரிலிருந்து இறக்கிவிட்டுத் திரும்பிப் பாராமல் போவாரும் உண்டு. பசியிலும் தாகத்திலும் வாடும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்குத் தண்டனை பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை அபராதம். சட்டம் இயற்றிய நாளில் அது ஒரு தொகையாக இருந்திருக்கலாம். இன்று விமான நிலையத்தில் ஒரு காப்பிக்குக்கூட அது போதாது.

திருவரங்கத்து வீதிகளில் வளர்ந்த சுஜாதா, ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாயைப் படைத்தார். புத்தகம் படிக்கும், வாதாடும், எங்கும் எடுத்துச் செல்லலாம். ஊசி இல்லை, இரத்தச் சோதனை இல்லை. வெளிநாட்டுக்குக் கிளம்பும் நம் குடும்பங்கள் தம் நாயும் ஒரு ஜீனோ என்றே எண்ணிக்கொள்கின்றன போலும். விசா விண்ணப்பத்தில் கையெழுத்திடும் வாரத்திலேயே நாயைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிச் சென்று மைக்ரோசிப் பொருத்திவிடுங்கள். பயணம் நின்றுபோனாலும் அதனால் நட்டம் ஒன்றுமில்லை. தொலைந்த நாயைக் கண்டுபிடிக்க அது உதவும். திரும்பி வரும்போதும் கணக்கு உண்டு. இரண்டாண்டு வெளியே வாழ்ந்து குடிமாறி வருவோர் இரண்டு பிராணிகளைப் பயணச் சுமையாகக் கொண்டுவரலாம். அப்போதும் இறங்கவேண்டியது சென்னையில்தான்.