சமையல் மேடைக்கு டைல்ஸ்... நிறத்தைவிட இடுக்கைப் பாருங்கள்!

டைல்ஸ் பதித்து ஆறு மாதம் ஆன சமையல் மேடையைக் கவனித்திருக்கிறீர்களா? டைல்ஸ் பளபளவென்றுதான் இருக்கும். இடையில் ஓடும் வெள்ளைக் கோடுகள் மட்டும் மஞ்சளாகி, சிங்க் ஓரத்தில் கறுத்துப்போயிருக்கும். மஞ்சள்தூளும் எண்ணெயும் போய் உட்காரும் இடம் அந்த இடுக்குதான்.

பழைய கடப்பா கல் மேடையைப் பெயர்க்காமல், மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்பது பலருடைய கணக்கு. தாராளமாகச் செய்யலாம். ஆனால், கடையில் நிறம் பார்ப்பதற்கு முன் அளவைப் பாருங்கள். 8 அடி நீளம், 2 அடி அகலமுள்ள மேடையில் 1 அடி சதுர டைல்ஸ் போட்டால் இடுக்குகளின் மொத்த நீளம் 22 அடி. 2க்கு 4 அடி டைல் என்றால் இரண்டே போதும். இடுக்கு வெறும் 2 அடி. தினமும் துடைக்கப்போகிறவருக்கு இது சின்ன வித்தியாசமில்லை.

அந்த 2 அடியையும் வெள்ளை சிமென்ட்டால் அடைக்க விடாதீர்கள். புளி, எலுமிச்சை, கழுவும் ஆசிட் எல்லாமே சிமென்ட்டை அரிக்கும். எபாக்ஸி கிரவுட் கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் மேடைக்குக் கொஞ்சம்தான் தேவைப்படும். டைல் மேல் வழிந்ததைக் கெட்டியாவதற்குள் துடைத்துவிட வேண்டும். விட்டால் அந்தப் படலத்தை எடுப்பது பெரும்பாடு.

ஒட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. விட்ரிஃபைட் டைல் 0.5 சதவிகிதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. அதனால் சிமென்ட் பால் அதில் சரியாகப் பிடிக்காது. 'இத்தனை வருஷமா இப்படித்தாம்மா ஒட்டறேன்' என்பார் கொத்தனார். அவர் சொல்வது பொய்யில்லை; அவர் பழகியது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் செராமிக் டைல். விட்ரிஃபைடுக்கு டைல் பசைதான் வேண்டும். அதற்கு முன் கடப்பா கல்லின் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக் கழுவி, மெஷினால் சொரசொரப்பாக்கச் சொல்லுங்கள். உளியால் கொத்தினால் கல்லே விரிசல் விடலாம். மறுநாள் ஒரு நாணயத்தால் டைலைத் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்டால், கிரவுட் போடும் முன்பே பெயர்த்து ஒட்டவைத்துவிடுங்கள்.

பாத்ரூம் வாஷ்பேசின் மேடைக்கும் இதெல்லாம் பொருந்தும். பேசினைச் சுற்றி மட்டும் கிரவுட்டுக்குப் பதில் சிலிக்கான்.

இன்னொன்று, டைலும் பசையுமாகச் சேர்ந்து மேடை அரை அங்குலத்துக்கு மேல் உயரும். அதன் மேல் அடுப்பு, அதற்கும் மேல் குக்கர். தினமும் அங்கே சமைப்பவருக்கு ஏற்கெனவே தோள்பட்டை வலி என்றால், டைல்ஸ் கடைக்குக் கிளம்பும் முன் அவரை மேடை முன்னால் நிறுத்தி உயரத்தை அளந்துவிடுங்கள்.