கடைமடைக்காரனைக் கேளுங்கள்

ஒற்றுமையைப் பற்றிச் சொற்பொழிவாற்ற வேண்டும் என்று என்னை அழைக்கிறவர்களுக்கு இனிமேல் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: "மன்னிக்க வேண்டும், அந்தப் பாவத்தை ஒரு தடவை செய்தாகி விட்டது."

ஓசூரில் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். புதிய இயந்திரம் ஒன்றை உருவாக்கும் வேலை அங்கே மாதக் கணக்கில் பின்தங்கிக் கிடந்தது. வரைபடம் போடுகிறவர்கள், சாமான் வாங்குகிறவர்கள், பட்டறையில் செய்கிறவர்கள் ஆகிய மூன்று பிரிவினரும் மூன்று தீவுகளாக இருக்கிறார்கள் என்று நிர்வாகத்தாருக்குக் கவலை. பரிகாரமாக ஒரு நாள் விழா நடத்தினார்கள். காலையில் கண்ணைக் கட்டிக் கொண்டு ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கும் விளையாட்டு, மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் என் பேச்சு. எறும்பு, தேனீ, காக்கை என்று ஒரு ஜீவனைக் கூட விடாமல் சாட்சிக்கு இழுத்தேன். கை தட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள். நாவலாசிரியன் பேச்சுக்குக் கை தட்டு கிடைத்தால் அவனுக்குப் புத்தி மழுங்கி விடுகிறது என்பது என் அனுபவம்.

காரில் ஏறப் போகும்போது ஓர் இளைஞர் வந்து நின்றார். பாரூர்ப் பக்கத்து ஆள்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. எங்களுக்குள்ளே சண்டையே கிடையாதுங்க. ஒண்ணாத்தான் டீ குடிக்கிறோம். வரைபடத்திலே ஓர் அளவை மாத்தினாங்க. அது எங்களுக்குப் பத்து நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அதுவரைக்கும் செஞ்சதெல்லாம் கழிவாப் போச்சு. அதுக்கு எங்க ஷிப்டிலே மூணு ஒப்பந்தப் பசங்களை நிறுத்திட்டாங்க. அவங்க இன்னைக்கு விளையாட வரலைங்க, சார்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. சால்வையை எங்கே வைத்துக் கொள்வதென்றும் தெரியவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். பலர் கூடிச் செய்கிற காரியம் கெட்டுப் போனால் உடனே மனிதர்களின் குணத்தைக் குறை சொல்கிறோம். அன்பு போதாது, விட்டுக் கொடுக்கும் பெருந்தன்மை போதாது என்று உபதேசம் செய்கிறோம். இது சௌகரியமான பொய். குணத்தைத் திருத்தப் புறப்பட்டவர்கள் ஏற்பாட்டைத் திருத்த வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது அல்லவா? பிரியாணிக்கு ஆகும் செலவு கணக்கில் எழுதக் கூடியது. அளவு மாறியதைப் பத்து நாள் சொல்லாமல் வைத்திருந்தது யார் என்று கேட்டால், பெரிய நாற்காலி எதாவது ஒன்று ஆடும்.

அந்த இளைஞரின் ஊரையே பார்ப்போம். தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூரை ஒட்டிக் கெலவரப்பள்ளி அணையையும், அப்புறம் 1950-களில் கட்டிய கிருஷ்ணகிரி அணையையும் தாண்டி வருகிறது. நெடுங்கல் அணைக்கட்டில் அதைத் திருப்பிப் பாரூர் பெரிய ஏரிக்குக் கொண்டு வருகிறார்கள். ஏரியிலிருந்து கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக இரண்டு பிரதானக் கால்வாய்கள். சுமார் 2,400 ஏக்கர் பாசனம். நடவு முடிந்த பிறகு மூன்று நாள் மதகைத் திறப்பது, நான்கு நாள் மூடுவது என்று முறை வைப்பார்கள்.

அந்த 2,400 ஏக்கர்காரர்களும் ஒருவரையொருவர் கட்டித் தழுவிக் கொண்டா இருக்கிறார்கள்? எந்த ஆயக்கட்டிலும் போய்ப் பாருங்கள். வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போன பங்காளிகள் இருப்பார்கள். பத்து வருஷமாக முகம் பார்க்காத அண்ணன் தம்பிகள் இருப்பார்கள். ஆனால் இன்றைக்கு யார் முறை என்பது இருவருக்கும் தெரியும். அண்ணன் வயலைத் தாண்டித்தான் தம்பி வயலுக்குத் தண்ணீர் போகிறது, போயும் விடுகிறது.

தலைமடைக்காரன் ராத்திரியில் மடையை வெட்டிக் கொள்வதில்லையா என்று கேட்பீர்கள். வெட்டிக் கொள்கிறான். ஆனால் முறை என்று ஒன்று இருப்பதால்தான் அதற்குத் திருட்டு என்று பெயர் வைக்க முடிகிறது. காய்ந்த பயிரைக் காட்டிக் கடைமடைக்காரன் பஞ்சாயத்தில் நின்று கேட்க முடிகிறது. தொழிற்சாலையிலே முறை இல்லை. ஆகவே திருடனும் இல்லை. பயிர் காய்ந்ததற்குக் கடைமடைக்காரனையே தண்டித்து அனுப்பி விடுகிறார்கள்.

அந்தக் காலத்துக் கிராமத்தில் குடிமராமத்து என்ற பெயரில் எல்லோரும் மனமுவந்து ஏரியைப் பழுது பார்த்தார்கள் என்று சிலர் உருகுவதுண்டு. அவர்களுக்கு ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்துகிறேன். கரை உடையும் ஆபத்திலும், வழக்கமான பாசன மராமத்திலும் ஜனங்களைக் கட்டாயமாக வேலை வாங்குவதற்கென்றே சென்னை ராஜதானியில் 1858-ல் ஒரு சட்டம் கொண்டு வர வேண்டியிருந்தது. மனமுவந்த இடத்தில் சட்டம் எதற்கு? யார் தலையில் மண் கூடை ஏறியது என்பதையும் சேர்த்து விசாரித்தால் ஒற்றுமை என்ற சொல்லின் மினுமினுப்பு இன்னும் கொஞ்சம் குறையும்.

படித்தவர்கள் விஷயம் வேறு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கா செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலம் ஒன்று 1999-ல் போய்ச் சேருகிற சமயத்தில் தொலைந்து போயிற்று. உந்து விசையை ஒரு கூட்டத்தார் பவுண்டுக் கணக்கில் கொடுத்தார்கள். இன்னொரு கூட்டத்தார் அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக் கொண்டார்கள். அவர்களுக்குள்ளும் விரோதம் ஒன்றும் இல்லை. பாதையில் ஏதோ பிசகு தெரிகிறது என்று சந்தேகப்பட்டவர்கள் கூட இருந்தார்கள். அந்தச் சந்தேகத்தை முறையாக எடுத்துத் தீர்த்து வைக்கத்தான் ஆள் இல்லை.

அதே ஓசூரிலேயே நேர்மாறான உதாரணமும் உண்டு. டைட்டன் கடிகாரக்காரர்கள் 2002-ல் 'எட்ஜ்' என்ற கடிகாரத்தை வெளியிட்டார்கள். மொத்தக் கனமே 3.5 மில்லி மீட்டர். உள்ளே ஓடுகிற இயந்திரம் 1.15 மில்லி மீட்டர். இவ்வளவு மெல்லிய பொருளில் உள் இயந்திரம் செய்கிறவர் ஒரு மயிரிழை கூடுதலாக எடுத்துக் கொண்டால் கூடு செய்கிறவருக்கு இடம் இல்லை. அங்கே ஒருவர் அளவு மற்றவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஆகவே பொருள் அமைந்தது.

"தலைவர் நல்லவராக இருந்தால் எல்லாம் சரியாகி விடும்" என்று ஒரு கட்சி உண்டு. நல்ல தலைவர் மாற்றலாகிப் போன மறுநாள் என்ன செய்வீர்கள்? மதகு, திறக்கிறவன் நல்லவனா என்று பார்த்துத் தண்ணீர் விடுவதில்லை.

செய்ய வேண்டியது அதிகமில்லை. மாற்றம் எதுவானாலும் அது யார் கையை எட்ட வேண்டுமோ அவர் கையை அன்றைக்கே எட்ட வேண்டும். எட்டியது என்று அவர் சொன்ன பிறகே மேல் வேலை. பிசகு கண்டவர் எவரானாலும் நிறுத்தச் சொல்லும் உரிமை வேண்டும். ஜப்பானில் டொயோட்டா தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்து மேற்பார்வையாளரை வரவழைக்கிறான். கோளாறு தீராவிட்டால் வேலை நிற்கிறது. அங்கே அது அவமரியாதை ஆகவில்லை. கடைசியாக ஒன்று: நஷ்டத்தைக் கடைசி ஆள் தலையில் கட்டக் கூடாது. அளவை மாற்றிய மேஜைக்கும் அதில் பங்கு உண்டு என்று ஏற்பட்டு விட்டால், தகவல் பத்து நாள் தூங்காது.

ஒரு கூட்டு வேலை நன்றாக நடக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் மேடையில் இருப்பவர்களைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. கடைமடைக்காரனைக் கேளுங்கள். அவன் வயல் நனைந்திருந்தால் எல்லாம் ஒழுங்கு என்று அர்த்தம்.

அந்த மூன்று பையன்களை மறுபடி வேலைக்கு எடுத்துக் கொண்டார்களா என்று நிர்வாகத்தாருக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். அடுத்த வருஷ விழாவுக்குத் தேதி கேட்டுப் பதில் வந்திருக்கிறது.