குழந்தை மாறியும் மாறாத உத்தரவு

பிரிந்து வாழும் தாய் தகப்பன்மாரிடையே குழந்தை ஒரு வீட்டினின்று மற்றொரு வீட்டிற்கு மாறுவது சகஜம். ஜீவனாம்ச உத்தரவு மட்டும் தானாக மாறுவதில்லை. நிலைமை மாறினால் தொகையை மாற்றலாமென 1973-ம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 127-வது பிரிவு கூறிற்று. அதனிடத்தில் 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 146-வது பிரிவும் அவ்விதமே கூறுகிறது. ஆயின், மனுச் செய்து ருஜுப்படுத்தினாலன்றி மாற்றமில்லை.

இதன் பலன் யாது? குழந்தையைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போடும் தகப்பன், அக்குழந்தையின் பெயராலேயே தாய்க்கும் மாதந்தோறும் பணங் கட்டுகிறான். (மனைவியின் பாகம் வேறு, அதைப்பற்றி இங்கே பேச்சில்லை.) தானாக நிறுத்தினாலோ பாக்கி ஏறும், வாரண்டு வரும். குழந்தையைத் திரும்ப ஏற்ற தாயின் கஷ்டம் இதனினும் பெரிது. புது உத்தரவு பிறக்குமட்டும் அவள் கடன் வாங்கிப் பள்ளிக்கூடச் சம்பளங் கட்டுகிறாள். வக்கீலுக்குக் கொடுக்க எங்கே போவாள்? எமது தொழிலினர் இதைச் சற்றுச் சிந்திப்பார்களாக.

1984-ம் வருஷத்துக் குடும்ப கோர்ட்டுச் சட்டம், குழந்தையின் காவலையும் ஜீவனாம்சத்தையும் ஒரே நீதிபதியிடம் ஒப்புவித்திருக்கிறது. காவலை மாற்றும் உத்தரவிலேயே தொகையையும் அவர் தீர்மானிக்கத் தடை என்ன? புதுச் சட்டம் வேண்டியதில்லை. ஹைகோர்ட்டார் கீழ்க்கோர்ட்டுகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும்.