குரங்கைத் திட்டியாச்சு, கூரையையும் திட்டுவதா?



2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டது என்றார்கள். முழு நாட்டுக்கும் கரண்ட் போனது. நாம் எல்லோரும் மீம் போட்டுச் சிரித்தோம். (நாமும் இரண்டு பகிர்ந்தோம், மறைப்பானேன்.)

ஆனால் குரங்கும் மரக்கிளையும் கம்பியில் படுவது புதினமில்லையே. அன்று மட்டும் ஏன் நாடே விழுந்தது?

சாதாரண தரத்தில் படித்த சடத்துவத்தை ஞாபகப்படுத்துங்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுழற்றிவிட்டுக் கையை எடுத்தாலும் அது கொஞ்ச நேரம் சுற்றும். நுரைச்சோலையிலும் நீர்மின் நிலையங்களிலும் சுழலும் பாரமான இயந்திரங்களும் அப்படித்தான். எங்காவது அடி விழுந்தால், அந்தச் சுழற்சிதான் 50 ஹேர்ட்ஸ் மீடிறனைச் சில விநாடிகள் தாங்கிப் பிடிக்கிறது. அந்தச் சில விநாடிகளில் மற்ற நிலையங்கள் கைகொடுத்துவிடும்.

சோலாரில் சுழல எதுவுமில்லை. தகடு தருவது நேரோட்டம். இன்வேட்டருக்குள் இருக்கும் குறைகடத்தி ஆளிகள் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடி அதை ஆடலோட்டமாக்குகின்றன. வலு இலத்திரனியல் என்பது இதுதான். ஆனால் நம் வீட்டு இன்வேட்டர் தானாக அலையை உருவாக்காது. வலையமைப்பில் வரும் அலையைப் பார்த்து அதன் பின்னால் போகும். அலை நின்றால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவருக்கு மின் தாக்கக்கூடாதே, அதனால் நிற்கத்தான் வேண்டும். கூரையில் வெயில் கொளுத்தியும் அன்று ஃபேன் சுற்றாததன் காரணம் இதுதான்.

அன்று விடுமுறை நாள், மின்தேவை குறைவு, அதில் பாதியளவு சோலார். ஜமாஅத்தில் மஃமூம்கள் நிறைந்திருந்தார்கள். இமாமுக்கு இயலாமல் போனால் முதல் ஸஃப்பிலிருந்து ஒருவர் முன்னே போய்த் தொழுகையை நடத்துவார். எங்கள் வலையமைப்பில் அப்படி முன்னே போக ஆளில்லை.

இரண்டு மாதத்தில் சித்திரைப் புத்தாண்டு வந்தது. கூரை சோலாரைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டது. அவசரத்துக்குச் சரி, குறை சொல்லவில்லை. ஆனால் அதுவே கொள்கையாகிவிட்டால், வங்கிக் கடன் எடுத்துத் தகடு பூட்டியவன் என்ன செய்வான்?

அலையைத் தானே உருவாக்கும் இன்வேட்டர்களும் இருக்கின்றன. பெரிய பற்றரித் தொகுதியோடு சேர்த்தால், சுழலும் இயந்திரம் போலவே அவை மீடிறனைத் தாங்கும். தென் அவுஸ்திரேலியா 2016 செப்டெம்பரில் முழு மாநிலமும் இருளில் மூழ்கி அடிபட்ட இடம். அடுத்த வருடமே ஹோர்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பற்றரி வைத்தார்கள். 2022இல் அந்தப் பற்றரி சடத்துவத்தையும் கொடுக்கத் தொடங்கியது. செலவுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நண்பகலில் வீணாகும் வெயிலை மஃரிபுக்குப் பிறகு எரிக்கும் டீசலுக்குப் பதிலாகப் பாவிக்கலாமே. உபமின் நிலையங்களில் இதை வை என்று கேட்பதை விட்டுவிட்டு, கூரைக்காரனும் கூரையில்லாதவனும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருக்கிறோம்.

நம் பள்ளிவாசல் கூரைக்கும் சோலார் விலைமனு கேட்கப் போவதாகக் கேள்வி. எத்தனை கிலோவாட், எத்தனை வருடத்தில் காசு திரும்பும் என்பதைக் கம்பனிக்காரரே சொல்லுவார். நிர்வாகச் சகோதரர்கள் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: பிறகு பற்றரி இணைக்கலாமா? வெளியே கரண்ட் இல்லாத நேரம் இது தனியே ஓடுமா? அன்று ழுஹருக்கு மோட்டர் ஓடாமல் வுழூச் செய்யத் தண்ணீர் தேடி அலைந்தது எல்லோருக்கும் ஞாபகமிருக்கும்.