பிராசசர் வாங்க நகைக்கடனா?



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் நகைக்கடன் படிவம் நிரப்பித் தரச் சொல்லி வந்தான். இப்போது காண்ட்ராக்ட் வெல்டர். என்ன அவசரம் என்றேன். "பையனுக்கு கேம் திணறுதாம் சார், பிராசசர் மாத்தணுமாம்." கடைக்காரரும் ஆமாம் என்றாராம். விற்கிறவர் வேறென்ன சொல்வார்?

கைலாசபுரத்துக்காரர்களே, பாய்லர் கட்டுகிற ஊரில் இதைச் சொல்லித்தர வேண்டுமா? பாய்லர் எவ்வளவு நீராவி தள்ளினாலும் டர்பைன் தாங்குகிற அளவுதானே மின்சாரம்! பிராசசர் பாய்லர் என்றால் கிராபிக்ஸ் கார்டுதான் டர்பைன். கேம் ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். ஜி.பி.யு. 97, 98 சதவீதத்தில் நின்றால் முட்டுக்கட்டை அங்கேதான். புது பிராசசரால் பெரிய பயனில்லை. ஜி.பி.யு. பாதி சும்மா கிடந்தும் கேம் திக்கினால் பிராசசரைச் சந்தேகப்படலாம். அப்போதும் ரேமை ஒரு பார்வை பாருங்கள்.

மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது. 140 வந்து யார் பார்க்க?

மாற்றியே ஆக வேண்டுமென்றால் சாக்கெட்டைக் கேளுங்கள். பழைய ஏ.எம்.4 போர்டுகள் பலவற்றில், பயாஸை மட்டும் புதுப்பித்தால் 2022-இல் வந்த ரைசன் 5800எக்ஸ்3டி-யே உட்காரும். ஏ.எம்.5-க்குத் தாவினால் போர்டும் புதிது, டி.டி.ஆர்.5 ரேமும் புதிது. இதைக் கடையில் பில் போடும்போதுதான் சொல்வார்கள்.

நம் திருச்சி வெயிலில் ஃபேன் தூசியைத் தட்டினீர்களா? சூடேறினால் எந்த பிராசசரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

டாஸ்க் மேனேஜர் படத்தை கமெண்ட்டில் போடுங்கள். அதுவரை எந்த அம்மாவும் வளையலைக் கழற்ற வேண்டாம்.